ஊற்றுப்பேனையும் பாலைப்பழமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மைப்புட்டி. இலக்கியத் தொடரிலே மைப்புட்டிக்கு என்ன வேலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். புட்டியின் உள்ளே இருக்கும் மையைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. புட்டியின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பற்றியே பேசப் போகின்றேன். பெயர் என்று வந்துவிட்டால் அது சொல். சொல் என்று வந்துவிட்டால் அது இலக்கியத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது அல்லவா?

ஜப்பானிலே 1918ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'பைலட்' என்னும் பேனை நிறுவனம், 2007ஆம் ஆண்டிலே ஊற்றுப்பேனைகளுக்கென்று ஒரு மைவரிசையை வெளியிடத் தொடங்கியது. அதற்கு 'இரோஷிசுகு' என்று பெயர். 'நிறத்துளி' என்று தமிழாக்கலாம். அந்த வரிசையிலே நீலம், சிவப்பு, பச்சை என்ற வெறும் நிறப்பெயர்களைக் காண முடியாது. 'யமா புதோ' என்று ஒரு மை; மலைக்காட்டிலே விளையும் திராட்சை என்று பொருள். 'யமா குரி' என்று இன்னொன்று. மலையிலே உதிரும் ஒருவகைக் கொட்டை, சுட்டுத் தின்பது. 'ஃபுயு ககி' என்று மற்றொன்று. குளிர்காலத்திலே இலையெல்லாம் உதிர்ந்த கிளையில் செம்மஞ்சளாகத் தொங்கும் பழம். 'இனா ஹோ' என்றால் நெற்கதிர். 'ட்சுகுஷி' என்றால் வசந்த காலத்திலே வயல் வரம்புகளில் முளைக்கும் ஒரு குருத்து. அதைப் பிடுங்கி அவித்து உண்பார்கள். மை வாங்கப் போகின்றவன் ஒரு தோட்டத்துக்குள்ளும் ஒரு வயலுக்குள்ளும் ஒரு சமையற்கட்டுக்குள்ளும் போய் வந்துவிடுகிறான்.

'செயிலர்' என்னும் இன்னொரு நிறுவனம் இதற்கும் ஒருபடி மேலே சென்றது. ஜப்பானியரின் மிகப் பழைய கவிதைத் தொகை 'மன்யோஷு'. எட்டாம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்டது. இருபது பகுதிகளும் ஏறக்குறைய 4,500 பாடல்களும் கொண்டது. நமக்கு எட்டுத்தொகை எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அந்தத் தொகையிலே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட செடிகொடி மரங்கள் பேசப்படுகின்றன. அவற்றிலிருந்து பெயர்களைத் தேர்ந்து, 'மன்யோ' என்றே ஒரு மைவரிசையைச் செயிலர் நிறுவனம் வெளியிட்டது. 'யொமொகி' என்னும் மை அதிலே உண்டு. அரிசிமாவோடு இடித்துப் பச்சை நிறப் பணியாரம் செய்யும் இலை அது. 'குசு' உண்டு, கிழங்கிலிருந்து மா எடுக்கும் கொடி. 'அகெபி' உண்டு, காட்டிலே வெடித்துத் தொங்கும் ஊதாப் பழம். பேனையையும் மையையும் ஒரே பெயரில், ஒரே நிறத்தில், இணையாக வெளியிடுவதும் அவர்களது வழக்கம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய கவிதையிலிருந்த கீரை, இன்று ஓர் அலுவலகப் பணியாளரின் சட்டைப்பையிலே இருக்கிறது.

'மன்யோஷு' என்பதற்குப் 'பத்தாயிரம் இலைகளின் தொகை' என்று பொருள் கூறுவர். ஜப்பானிய மொழியிலே சொல்லைக் குறிக்கும் 'கொதொபா' என்ற சொல்லை எழுதும்போது 'பேச்சு' என்ற குறியையும் 'இலை' என்ற குறியையும் சேர்த்து எழுதுகிறார்கள். சொல் என்பது நாவிலே துளிர்க்கும் இலை. இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. ஏடு என்கிறோம், ஓலை என்கிறோம், இதழ் என்கிறோம், மலர் என்கிறோம். நேற்று வந்த சஞ்சிகையைக்கூட இதழ் என்றுதான் தமிழ் அழைக்கிறது. நமக்கும் எழுத்து தாவரத்தோடு பிறந்ததுதான்.

திருகோணமலையிலே இருந்துகொண்டு ஜப்பானியரின் பேனையைப் புகழும்போது ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. செயிலர் நிறுவனம் 1911ஆம் ஆண்டு ஹிரோஷிமா மாகாணத்துக் குரே என்னும் துறைமுக நகரிலே கியூகோரோ சகாட்டா என்பவரால் தொடங்கப்பட்டது. மாலுமி என்பதே பெயர், நங்கூரமே சின்னம். அந்தக் குரே நகரம் ஜப்பானியக் கடற்படையின் பெருந்தளமாகவும் இருந்தது. அங்கேயுள்ள கடற்படைத் தளத்திலே கட்டப்பட்டு 1927இல் நிறைவுபெற்ற விமானந்தாங்கிக் கப்பல்தான் 'அகாகி'. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலை எங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டுவீசிய விமானங்களை ஏந்தி வந்த கப்பல்களிலே அதுவும் ஒன்று. ஒரே ஊர், ஒரே தலைமுறைக்குள், நங்கூரம் பொறித்த பேனையையும் செய்தது. குண்டு சுமந்த கப்பலையும் செய்தது. அகாகி அதே ஆண்டு ஜூன் மாதம் மிட்வே சமரிலே கடலின் அடிக்குப் போய்விட்டது. பேனை இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்கம் கூற வேண்டியதில்லை.

இனி, மைக்கு வருவோம். யமா புதோ மையிலே திராட்சைச் சாறு ஒரு துளியும் இல்லை. யொமொகி மையிலே இலையின் சாறும் இல்லை. அவை எல்லாம் ஆய்வுகூடத்திலே ஆக்கிய சாயங்களை நீரிலே கரைத்த கரைசல்களே. அப்படித்தான் இருக்கவும் முடியும். ஊற்றுப்பேனையின் நாவிலே மயிரிழை அளவான ஒரு பிளவு உண்டு. அதன் வழியே மை தானாக ஊர்ந்து வந்து தாளைத் தொடவேண்டும். பழச்சாற்றை ஊற்றினால் அதிலுள்ள வெல்லம் பிசுபிசுத்துப் பிளவை அடைக்கும். இரண்டு நாளிலே பூஞ்சணம் பிடிக்கும். வேலியிலே படர்ந்த பசளிக்கொடியின் பழத்தை நசித்து, அந்தச் சிவந்த ஊதாச் சாற்றிலே ஈர்க்கைத் தோய்த்து எழுதி விளையாடிய பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். எழுதும்போது கண்ணைப் பறிக்கும். வெயிலும் வெளிச்சமும் பட்டால் மங்கிவிடும். பீற்றூட்டின் நிறமும் பசளிப்பழத்தின் நிறமும் ஒரே இனத்தவை, இரண்டும் நிலையாதவை. ஆகவே ஜப்பானியர் செடியை மைக்குள் இடவில்லை. செடியின் பெயரை மைக்கு இட்டார்கள்.

நம்முடைய கதை இதற்கு நேர்மாறானது. நாம் செடியையே மைக்குள் இட்டோம்.

பனையிலிருந்து தொடங்குவோம். நுங்கும் பனாட்டும் ஒடியலும் கிழங்கும் தந்து வயிற்றைக் காத்த மரம், ஓலையும் தந்து நூலைக் காத்தது. ஓலையிலே எழுத்தாணியாற் கீறினால் கோடு விழும். ஆனால் எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அதற்கு மை பூச வேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் பிள்ளைப்பருவத்துக் கல்வியைச் சொல்லும்போது இந்த மையைப் பற்றியும் சொல்கிறார். மஞ்சள், ஊமத்தை இலைச் சாறு, மாவிலைக் கரி, தர்ப்பைக் கரி முதலியன கூட்டிய மை அது. பிள்ளை பிடிக்கும் முதலோலைக்கே 'மையோலை' என்று பெயர். நம் நாட்டுச் சிங்கள மக்கள் தாளிப்பனை ஓலையிலே எழுதி, கரியையும் குங்கிலிய எண்ணெயையும் குழைத்துப் பூசினர். மிகுந்த மையைத் தவிட்டாலோ குரக்கன் மாவினாலோ துடைத்தெடுத்தனர். அரிக்கும் பூச்சி அணுகாதிருக்கப் புல்லெண்ணெய் தடவினர். ஒரு வீட்டின் அடுக்களையிலும் கொல்லையிலும் இருப்பவையெல்லாம் ஓர் ஏட்டிலே ஒன்றுகூடியிருந்தன.

தாள் வந்த பின்னரும் இந்த உறவு உடனே அறுந்துவிடவில்லை. கடுக்காயைத் தட்டி ஊறவைத்து, அந்தத் துவர்ப்பு நீரிலே அன்னபேதியைச் சேர்த்தால் கறுப்பு மை உண்டாகும். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேற்று. எழுதும்போது மை வெளிறியிருக்கும். காற்றுப்படப்பட இரும்பும் துவர்ப்பும் இணைந்து கறுத்துத் தாளோடு தாளாக ஊறிவிடும். ஐரோப்பியர் ஓக் மரத்துக் காயிலிருந்து இதே முறையிலே நூற்றாண்டுக் கணக்காக மை செய்தனர். நாம் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துச் செய்தோம்.

இன்னும் முன்னே போனால், நம் பிள்ளைகளின் முதலெழுத்துக்கு மையே இல்லை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது தாம்பாளத்திலே அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். தமிழ்ப் பிள்ளை எழுதும் முதலாவது தாள், உணவு. விரலே பேனை. இதைவிடச் சிறந்த தொடக்கம் வேறெந்த மக்களுக்கு வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால், ஜப்பானியரைப்போல நாம் நிறத்துக்குச் செடியின் பெயரை இடவில்லையா? இட்டோம். நிறையவே இட்டோம். 'மஞ்சள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பிலே இடும் கிழங்குக்கும் நிறத்துக்கும் ஒரே பெயர். எந்த நிறுவனமும் வந்து பெயர் சூட்டக் காத்திராமல், தமிழ்மக்கள் தங்கள் அடுக்களையிலிருந்தே ஒரு நிறத்துக்குப் பெயரெடுத்துவிட்டார்கள்.

சங்கப் பாடல்களுக்குள்ளே நுழைந்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தலைவியின் மேனி அழகை 'மாமை' என்ற சொல்லாற் குறிப்பர். உரைகாரர் அதற்கு மாந்தளிரின் நிறத்தை எடுத்துக்காட்டுவர். மாந்தளிர் சிவப்பும் அன்று, பச்சையும் அன்று. ஒளிபட்டால் ஒன்றாகவும் நிழலில் வேறாகவும் தோன்றும் மெல்லிய செம்மை. தலைவன் பிரிந்தால் அந்த மாமை போய்ப் பசலை படரும். பசலையின் நிறத்துக்குப் புலவர்கள் காட்டும் உவமை என்ன? பீர்க்கம்பூ! மழைக்காலத்திலே வேலியிலும் கூரையிலும் படர்ந்து பூக்கும் பீர்க்கின் வெளிறிய மஞ்சள். காதலின் நிறைவுக்கு ஒரு மரத்தின் தளிர். காதலின் துயரத்துக்கு ஒரு கொடியின் பூ. இரண்டும் உண்ணும் தாவரங்கள். ஒரு பெண்ணின் மனநிலை மாறுவதை இந்த இரண்டு நிறங்களுக்கிடையே வைத்துக் காட்டிவிடுகிறது அந்தக் கவிதை மரபு. நற்றிணையிலே ஒரு நெய்தற்பாட்டு, கடற்கரை மணலிலே உதிர்ந்து கிடக்கும் நாவற்பழங்களைக் காட்டுகிறது. அவற்றின் கருமையைக் கண்டு தம் இனமென்று மயங்கி வண்டுகள் மொய்க்கின்றன. பழம் எவ்வளவு கறுப்பு என்று புலவர் விவரிக்கவில்லை. வண்டே ஏமாந்துபோகும் கறுப்பு என்று காட்டிவிட்டார்.

இந்தப் பாட்டையும் உவமையையும் வகுப்பிலே நடத்துகிறேன். மாணவர்கள் கவனமாகக் கேட்கிறார்கள். பரீட்சையிலே நன்றாகவே எழுதுகிறார்கள். 'பசலை – காதல் பிரிவால் உண்டாகும் நிறமாற்றம். பீர் – ஒருவகைக் கொடி.' முழுப் புள்ளியும் கிடைக்கிறது. ஆனால் 'ஒருவகைக் கொடி' என்று எழுதும் பிள்ளை மதியச் சோற்றோடு பீர்க்கங்காய்க் கறி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறது. கறியிலுள்ள பீர்க்கும் கவிதையிலுள்ள பீர்க்கும் ஒன்றென்று அதற்குத் தெரியாது. நம் உரைநூல்களையும் அரும்பத விளக்கங்களையும் திறந்து பாருங்கள். ஒருவகைப் பூ, ஒருவகை மரம், ஒருவகைப் பறவை. இந்த 'ஒருவகை' என்னும் சொல்லைப்போலத் தமிழ் இலக்கியத்தைக் குடித்துத் தீர்த்த சொல் வேறொன்றில்லை.

நிறப்பெயர்கள் முற்றாக அழிந்துவிட்டனவா என்றால், இல்லை. அவை வகுப்பறையை விட்டுப் புடைவைக்கடைக்குக் குடிபோய்விட்டன. அங்கே போய் நின்று காதுகொடுத்துக் கேளுங்கள். மாந்தளிர் நிறம், கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள், வெந்தய நிறம், பாக்கு நிறம், வெங்காயத்தோல் நிறம், எலுமிச்சை, மாதுளை, இலைப்பச்சை. கபிலரும் அம்மூவனாரும் கேட்டால் புரிந்துகொள்ளக்கூடிய மொழி அது. நெசவாளரும் வாங்க வரும் பெண்களும் காப்பாற்றி வைத்திருக்கும் இந்தச் செல்வத்தை, கட்டுரை எழுதும் நாம் 'பிரவுன்', 'பிங்க்', 'வயலட்' என்று எழுதிக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு தாய் தன் மகளுக்குச் சேலை எடுக்கும்போது பேசும் தமிழ், அந்த மகள் சிறுகதை எழுதும்போது இல்லாமற் போவது ஏன் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஜப்பானியரின் 'ககி'ப் பழத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று நம் கீழைக்கரையிலே நிற்கிறது. அதுதான் பனிச்சை. தாவரவியலார் இரண்டையும் 'டயோஸ்பைரோஸ்' என்ற ஒரே இனத்திலே வைக்கிறார்கள். கருங்காலியும் அந்த இனமே. ஜப்பானியர் ககிக் காயின் துவர்ப்புச் சாற்றைப் புளிக்கவைத்து, காகிதத்துக்கும் துணிக்கும் மீன்வலைக்கும் பூசுவார்கள். அது உலர்ந்து இறுகிக் கபில நிறம் தரும். நம் நாட்டு மீனவரும் நைலோன் வலை வருமுன்னர் பனிச்சங்காய்ச் சாற்றிலே வலையைத் தோய்த்துப் பதப்படுத்தினர். இரண்டு கடற்கரைகள், ஒரே மரக்குடும்பம், ஒரே தொழில், ஒரே நிறம். அவர்கள் அந்த நிறத்துக்குப் பெயர் சூட்டிப் புட்டியிலே அடைத்து உலகுக்கு விற்கிறார்கள். நமக்குப் பனிச்சை என்பது பனிச்சங்கேணி முதலான ஊர்ப்பெயர்களிலே மட்டும் எஞ்சி வருகிறது.

ஊர்ப்பெயர் என்றதும் நான் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். பாலையூற்று. பாலையும் ஊற்றும். ஊற்றுப்பேனையைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

பாலைத்திணை என்றதும், 'பாலைவனம்' என்று எழுதாத மாணவரைக் காண்பது அரிது. அராபிய மணற்பரப்பும் ஒட்டகமும் அவர்களுடைய மனக்கண்ணிலே வந்துவிடுகின்றன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கும் தாவரப் பெயர்கள் என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளை, ஐந்தாவதாகிய பாலையும் ஒரு மரம் என்றதும் திகைக்கிறது. திணைக்குப் பெயர் தந்த பாலை எது என்பதிலே அறிஞரிடையே இருவேறு கருத்துண்டு. வெட்பாலை என்பது ஒரு சாராரின் கருத்து. அதன் தாவரவியற் பெயர் 'ரைட்டியா டிங்டோரியா'. இரண்டாவது சொல்லுக்குச் சாயமூட்டுவது என்று பொருள். அதன் இலையிலிருந்து நீலச்சாயம் எடுத்தனர். தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர் அதன் இலையைத் தேங்காயெண்ணெயிலே இட்டு வெயிலில் வைப்பார்கள். பச்சை இலை கிடக்கும் எண்ணெய், வெயில் ஏற ஏற ஊதாவாகிவிடும். வறண்ட நிலத்துக்குப் பெயரான மரத்துக்குள்ளே ஒரு மைப்புட்டி ஒளிந்திருக்கிறது!

மற்றொரு சாரார் கூறும் பாலை, நம் உலர்வலயக் காட்டுப் பாலை. 'மணில்காரா ஹெக்சாண்ட்ரா' என்பர். உலக்கைப்பாலை என்றும் பெயர் உண்டு. சிங்களத்திலே 'பலு'. இரும்பைப்போல இறுகிய மரம். கோடையிலே மற்ற மரங்கள் வாடி நிற்க, இது தழைத்துப் பழுக்கும். விரல்நுனி அளவான மஞ்சட் பழம், தித்திப்பு, உதட்டிலே பால் ஒட்டும். வைகாசி, ஆனியிலே கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்கும் மனிதருக்கும் அதுவே விருந்து. வறட்சியின் உச்சத்திலே பழம் தரும் மரத்தின் பெயரை, பிரிவின் துயரத்தைப் பாடும் திணைக்குப் பொருத்திப் பாருங்கள். திணையின் சுவையே மாறிவிடுகிறது. பாலை என்பது ஒன்றுமற்ற வெளியன்று; ஈரம் உள்ளே ஒளிந்திருக்கும் நிலம்.

இந்தச் சுவையை எங்கள் மாணவர் இழந்ததற்கு அவர்களை மட்டும் குறைகூற முடியாது. இந்த மாவட்டத்திலே ஒரு தலைமுறை முழுவதும் காட்டு வழிகள் மூடியிருந்த ஆண்டுகளில் வளர்ந்தது. 2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ ஆண்டுகள் முகாம்களிலே வாழ்ந்தன. முகாமிலே பிறந்த பிள்ளைக்கு எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்று யார் காட்டிக்கொடுப்பது? காடு பாதுகாப்பற்ற இடமென்று தாய் எச்சரித்து வளர்த்த பிள்ளைக்குப் பாலை, வீரை, உலுவிந்தை என்பனவெல்லாம் வெறும் ஒலிகளே. 2009இலே போர் முடிந்தது. காட்டுவழிகள் மெல்லத் திறந்தன. சொற்கள் தாமாகத் திரும்பி வந்துவிடுவதில்லை.

ஒரு சொல் இருவகையிலே அழியும். ஏடு செல்லரித்துச் சொல் போவது ஒருவகை. அதற்கு மருந்துண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை வரிசையாகக் கூறுகிறது. பத்துப்பாட்டை 1889இலே பதிப்பிக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்த சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில் சில மலர்களின் பெயர்கள் சிதைந்து போயிருந்தன. அவர் தேடி அலைந்து தருமபுர ஆதீனத்து ஏட்டிலே அவற்றைக் கண்டெடுத்தார். திருகோணமலை மண்ணும் இந்தப் பணியிலே பங்குகொண்டது. இங்கே பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை தமிழகத்திலிருந்து பழைய நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்தார். அவருடைய தம்பியும் 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி' நாவலின் ஆசிரியருமான சரவணமுத்துப்பிள்ளை, சென்னையிலே கீழைத்தேயச் சுவடி நிலையத்திலே பணியாற்றினார். பூச்சி அரித்த சொல்லை அவர்களைப் போன்றோர் மீட்டுத் தந்தார்கள்.

மற்றொரு வகை அழிவும் உண்டு. சொல் அச்சிலே பத்திரமாக இருக்கும். பொருள் கண்ணை விட்டுப் போயிருக்கும். இதை மீட்க எந்த ஆதீனத்திலும் ஏடு இல்லை. 99 மலர்களின் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளைகளைத் தமிழ்த்தினப் போட்டிகளிலே கண்டு நாம் கைதட்டுகிறோம். அவற்றுள் ஒன்பதையாவது கண்ணாற் கண்டிருக்கிறாயா என்று எவரும் கேட்பதில்லை.

ஜப்பானியரின் மைப்புட்டி எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இங்கேதான். அழகான பொருள், விலை கூடிய பொருள் என்பதற்காக அன்று. யொமொகி என்று பெயரிட்டு ஒரு மையை விற்க வேண்டுமானால், யொமொகி என்றதும் வாங்குபவனின் கண்ணிலே ஒரு பச்சையும் நாவிலே ஒரு சுவையும் எழ வேண்டும். எழும் என்ற நம்பிக்கை அந்த வியாபாரிக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கை தானாக வந்ததன்று. ஜனவரி 7ஆம் நாள் ஏழுவகை இலைகளை இட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் வழக்கத்தை அவர்கள் இன்னும் விடவில்லை. அந்த ஏழின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கவிதையும் கஞ்சியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பேனைக்காரர் அதன் மேலே வந்து தம் கடையை விரித்திருக்கிறார், அவ்வளவுதான். நமக்கும் இலைக்கஞ்சி உண்டு. முடக்கொத்தான், வல்லாரை, முல்லை என்று பெயர்கள் உண்டு. கஞ்சி குடிக்கும் பிள்ளையிடம் இலையின் பெயரைச் சொல்கிறோமா?

பேனை செய்யும் கைகளும் நம்மிடையே இல்லாமலில்லை. சென்னைக்கு அண்மையிலுள்ள திருவள்ளூரிலே எபனைற் கோல்களைக் கையாற் கடைந்து ஊற்றுப்பேனை செய்யும் 'ரங்கா' தொழிலகம் உலகின் பல நாடுகளுக்கும் பேனைகளை அனுப்புகிறது. எபனைற் என்பது இறப்பர்ப் பாலைக் கந்தகத்தோடு இறுக்கிச் செய்வது. ஆசியாவிலே இறப்பர்க் கன்றுகள் முதன்முதலாக வேரூன்றிய இடங்களிலே ஒன்று, 1876ஆம் ஆண்டில் நம் நாட்டு ஹெனரத்கொடத் தோட்டம். மரத்தின் பாலிலிருந்து பேனையும், செடியின் பெயரிலிருந்து மையும் கிடைக்கும் வாய்ப்பு நமக்கும் இருக்கிறது. மாந்தளிர் என்று ஒரு மை, பீர்க்கம்பூ என்று ஒரு மை, நாவல் என்று ஒரு மை என்றாவது ஒருநாள் தமிழிலே வரக்கூடும். வந்தால் மகிழ்வேன். ஆனால் அந்த நாள்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் காசு செலவில்லாத ஒரு வேலை இன்றே உண்டு.

எழுத்தாள நண்பர்களே, அடுத்த கதையிலே ஒரு சேலைக்கு நிறம் சொல்ல நேர்ந்தால் உங்கள் தாயாரிடம் கேட்டு எழுதுங்கள். ஆசிரிய நண்பர்களே, பாடநூலின் அரும்பத விளக்கத்திலே 'ஒருவகை' என்று வருமிடமெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பிள்ளைகளை அனுப்பி, அந்த மரத்தையோ கொடியையோ அறிந்த ஒரு முதியவரைத் தேடச் சொல்லுங்கள். ஒரு விறகுவெட்டி, ஒரு தேனெடுப்பவர், ஒரு நாட்டு வைத்தியர், சந்தையிலே கூடை வைத்து விற்கும் ஒரு பாட்டி, இவர்களே இந்தப் பாடத்துக்குப் பேராசிரியர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவந்து, கோடு போட்ட இடத்துக்குப் பக்கத்திலே பிள்ளை தன் கையால் எழுதட்டும். குமிழ்முனைப் பேனையால் எழுதினாலும் போதும்.

பாலை: ஒருவகை மரம் என்று அல்ல. பாலை: ஆனியிலே பழுக்கும், பழம் மஞ்சள், தித்திக்கும், தின்றால் உதடு ஒட்டும், எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது என்று.